குழியை அளந்தவர்கள் வழியை அளக்கவில்லை

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். ஆந்திரத்தின் குப்பம், வெங்கடகிரிகோட்டா, பலமநேர் மலைகளில் ஆகட்டும், எல்லைக்கு இப்பால் தமிழ்நாட்டின் பேரணாம்பட்டு, குடியாத்தம் பக்கம் ஆகட்டும், புதிய சுரங்கத்துக்கோ கல்குவாரிக்கோ விண்ணப்பம் என்று செய்தி வந்தால் பேச்செல்லாம் குழியைப் பற்றித்தான். எத்தனை ஹெக்டேர், எத்தனை அடி ஆழம், வெடி வைப்பார்களா, எத்தனை வருடக் குத்தகை. அந்தக் குழிக்கு லாரி எந்த வழியாகப் போகும் என்று கேட்பவர் குறைவு. சுற்றுச்சூழல் அறிக்கையைப் புரட்டினாலும் "அணுகுசாலை அமைக்கப்படும்" என்று ஒரு வரி, வரைபடத்தில் சிவப்பாக ஒரு கோடு, அதோடு முடிந்தது.

ஊரை விட்டு ஒதுங்கி மலைக்குள் இருக்கும் சுரங்கத்துக்கு இந்த அளவுகோல் பொருந்தாது. 5 ஹெக்டேர் சதுரக் குழியின் சுற்றளவு ஏறக்குறைய 900 மீட்டர். அதற்குப் போகும் 4 கி.மீ. சாலைக்கு இரண்டு பக்கமும் சேர்த்து 8 கி.மீ. விளிம்பு. காட்டோடும் கானாற்றோடும் வயலோடும் உரசுவது அந்த விளிம்புதான். குழி ஒரே இடத்தில் கிடக்கும். சாலை வழிநெடுக ஒவ்வொரு ஓடையையும் வெட்டிக்கொண்டு போகும். எனவே சாலையைச் சுரங்கத்தோடு சேர்த்து, அதன் முழு நீளத்துக்கும், மழைக்காலத்திலும் ஆய்வு செய்ய வேண்டும் என்பதே இக்கடிதத்தின் கோரிக்கை. கீழே வரும் கணக்குகளுக்கு 4 கி.மீ. நீளமும், ஆண்டுக்கு 2 லட்சம் டன் உற்பத்தியும் உள்ள ஒரு திட்டத்தை மாதிரியாக எடுத்துக்கொண்டிருக்கிறோம். உங்கள் ஊர் அறிக்கையில் உள்ள எண்களை இட்டு வாசகர்கள் தாங்களே போட்டுப் பார்க்கலாம்.

முதலில் சட்டத்தில் உள்ள சந்து. 2006 செப்டம்பர் 14 தேதியிட்ட சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு அறிவிக்கையில் சாலைகளுக்குத் தனிப் பிரிவு உண்டு. ஆனால் அதில் வருவன தேசிய நெடுஞ்சாலைகளும் மாநில நெடுஞ்சாலைகளும் மட்டுமே. சுரங்கக்காரர் போடும் 4 கி.மீ. மண்சாலை எந்தப் பட்டியலிலும் இல்லை. ஆகவே அதற்கென்று தனி அனுமதியும் இல்லை, தனி ஆய்வும் இல்லை. சுரங்கத்தின் அறிக்கையில் அதைச் சேர்த்தால்தான் உண்டு. சேர்க்காமல் விடுவதற்கும் பழகிப்போன வழிகள் இருக்கின்றன. குத்தகை நிலம் பட்டாவிலோ புறம்போக்கிலோ இருக்கும். "திட்டத்தில் வனநிலம் இல்லை" என்று எழுதிவிடுவார்கள். சாலைக்கான வனநிலத்தைப் பிறகு தனி விண்ணப்பமாக, கிராமச் சாலை மேம்பாடு என்ற பெயரில் கேட்பார்கள். 2006-ம் ஆண்டு வன உரிமைச் சட்டத்தில் பள்ளி, அங்கன்வாடி, சாலை போன்ற அரசு வசதிகளுக்கு, ஹெக்டேருக்கு 75 மரங்களுக்கு மிகாமல் வெட்டுவதாக இருந்தால், கிராம சபையின் பரிந்துரையோடு ஒவ்வொன்றுக்கும் 1 ஹெக்டேருக்குள் வனநிலம் தரலாம் என்று ஒரு சலுகை உண்டு. அது மலைக் கிராம மக்களுக்கான சலுகை. தனியார் டிப்பர் ஓட அதைப் பயன்படுத்த இடமில்லை. கிராம சபையில் "சாலை வேண்டுமா" என்று கேட்டால் வேண்டாம் என்று எவர் சொல்வார்? "யாருடைய வண்டி, நாளைக்கு எத்தனை நடை" என்பதையும் தீர்மானத்திலேயே எழுதச் சொல்ல வேண்டும்.

இன்னொரு சந்து 5 ஹெக்டேர் எல்லை. மாநில எல்லையிலிருந்தோ சரணாலயத்திலிருந்தோ 5 கி.மீ.க்குள் சுரங்கம் வந்தால் அது மத்திய அரசு ஆராய வேண்டிய 'ஏ' பிரிவுக்குப் போகும். 5 ஹெக்டேருக்குக் குறைந்த தனிக் குவாரிக்கு இந்த விதி பொருந்தாது. மக்கள் கருத்துக் கேட்பும் இல்லை. 4.9 ஹெக்டேர் குத்தகைகள் ஏன் இவ்வளவு பெருகின என்பதற்கு வேறு விளக்கம் தேவையில்லை. 500 மீட்டருக்குள் பக்கத்தில் பக்கத்தில் இருந்தால் எல்லாவற்றையும் கூட்டிக் கணக்கிட வேண்டும் என்கிறது விதி. ஆனால் 600 மீட்டர் தள்ளித் தள்ளி நான்கு குவாரிகள் இருந்து, நான்குக்கும் ஒரே சாலை என்றால்? ஒவ்வொரு அறிக்கையும் தன் வண்டியை மட்டும் எண்ணும். சாலையோரத்து வீட்டுக்காரர்தான் நான்கையும் கூட்டி எண்ணுகிறார்.

சாலை எவ்வளவு இடம் கேட்கிறது என்று பார்ப்போம். ஒரு டிப்பர் இரண்டரை மீட்டர் அகலம். எதிரும் புதிருமாக இரண்டு வண்டிகள் கடக்க, ஓரத்தில் வடிகால், பள்ளப்பக்கம் ஒரு கரை எல்லாம் சேர்த்து 8 மீட்டர் மட்டமான தளம் வேண்டும். அறிக்கையில் 8 மீட்டரை 4 கி.மீ.யால் பெருக்கி 3.2 ஹெக்டேர் என்று போட்டுவிடுவார்கள். சமவெளியில் அது சரி. மலைச்சரிவில் தளம் வேண்டுமானால் மேற்பக்கம் வெட்டியாக வேண்டும். இரண்டு மீட்டர் நடந்தால் ஒரு மீட்டர் ஏறும் சரிவு என்று வைத்துக்கொள்ளுங்கள், இந்த மலைகளில் சாதாரணமாகப் பார்க்கும் சரிவுதான். அதில் 8 மீட்டர் தளம் முழுவதையும் வெட்டியே எடுத்து, வெட்டுமுகத்தை ஓரளவு சாய்த்து விட்டால், அந்த முகம் ஏறக்குறைய 5.3 மீட்டர் உயரம் வரும். ஒவ்வொரு மீட்டர் நீளத்துக்கும் 21 கன மீட்டர் மண்ணும் கல்லும் வெளியே வரும். ஒரு கிலோமீட்டருக்கு 21,000 கன மீட்டர். வெட்டிய மண் உப்பும்; கால் பங்கு கூட்டினால் 26,000-க்கு மேல். ஒரு டிப்பருக்கு 10 கன மீட்டர் என்றால், ஒரே கிலோமீட்டருக்கு 2,600 லோடு.

இந்த 2,600 லோடு எங்கே போகிறது? அறிக்கையைத் திறந்ததும் முதலில் தேட வேண்டிய பதில் இது. பெரும்பாலும் பதில் இருக்காது. இல்லையென்றால் நடக்கப்போவது ஒன்றுதான்: பொக்லைன் ஓட்டுபவர் பக்கெட்டைத் திருப்பிப் பள்ளத்தில் தள்ளிவிடுவார். டீசல் மிச்சம், நேரம் மிச்சம். தள்ளிய மண் சரிவில் 10, 20 மீட்டர் வழிந்து, கீழே நிற்கும் மரங்களின் அடிமரத்தை மூடும். வேர்க்கழுத்து மூடிய மரம் அன்றே சாகாது. ஓரிரு வருடத்தில் பட்டுப்போகும். வெட்டப்பட்ட மரங்களின் பட்டியலில் அது வராது. முதல் பெருமழையில் அந்தத் தளர்ந்த மண் கானாற்றில் இறங்கும். ஆக, 3.2 ஹெக்டேர் என்று காட்டிய சாலை, வெட்டுமுகத்தையும் வழிந்த மண்ணையும் சேர்த்து அளந்தால் 6, 7 ஹெக்டேர் வரை போகும். குழியைவிடப் பெரிது.

மண் கொட்ட இடம் குறித்து, அந்த இடம் ஓடைக்கு விலகி, அடியில் கல்லடுக்குச் சுவர் கட்டி, படிப்படியாக இறுக்கி, மேலே புல் விதைத்து மூட வேண்டும். வெட்டும் வேலையைத் தொடங்குமுன் அந்த இடம் தயாராக இருக்க வேண்டும். வெட்டியதில் பாதியைத் தாழ்ந்த இடங்களில் நிரப்பிச் சமன் செய்யும்படி சாலைக் கோட்டை நகர்த்த முடியுமா என்பதையும் பொறியாளர் காட்ட வேண்டும். கோடு சற்றே நீளமானாலும் வெட்டு பாதியாகக் குறையும் வழிகள் பல இடங்களில் கிடைக்கும். ஆனால் 1:50,000 வரைபடத்தை வைத்துக்கொண்டு மேசையிலிருந்து கோடு போட்டால் அவை தெரியாது. அந்த வரைபடத்தில் 20 மீட்டர் உயரத்துக்கு ஒரு கோடுதான் உண்டு. 5 மீட்டர் வெட்டுமுகம் இரண்டு கோடுகளுக்கு நடுவே ஒளிந்துகொள்ளும். சின்னச் சின்ன ஓடைகளும் அப்படித்தான். வரைபடத்தில் மூன்று ஓடை என்றிருக்கும் வழியில், கால்நடையாகப் போனால் பத்துக்கு மேல் எண்ணலாம்.

அடுத்தது தண்ணீர். ஒரு ஓடைக்கு 40 ஹெக்டேர் நீர்வரத்துப் பரப்பு என்போம். மணிக்கு 75 மி.மீ. மழை பெய்து, அதில் பாதி ஓடிவந்தால், நொடிக்கு 4.2 கன மீட்டர் வெள்ளம். 900 மி.மீ. குழாய் ஒன்று, நொடிக்கு 2 மீட்டர் வேகத்தில் முழுதாக ஓடினாலும், 1.3 கன மீட்டர்தான் கடத்தும். 1,200 மி.மீ. குழாய் இரண்டு வைத்தால் 4.5 கன மீட்டர், மயிரிழையில் தப்பும். சாலை ஒப்பந்தங்களில் பார்ப்பதோ 600 அல்லது 900 மி.மீ. சிமெண்ட் குழாய், ஒன்றே ஒன்று. அதிலும் காட்டு ஓடை வெறும் தண்ணீரைக் கொண்டுவருவதில்லை. சருகு, கிளை, உருளும் கல் எல்லாம் வரும். ஒரு கிளை குறுக்கே சிக்கினால் அரை மணியில் குழாய்வாய் அடைபடும். பிறகு தண்ணீர் மேட்டுப்பக்கம் தேங்கி, சாலையை ஏறிக் கடந்து, பள்ளப்பக்கத்து மண்ணை அரித்து, குழாயையே பெயர்த்துப் போட்டுவிடும். அல்லது சாலையோரமாகவே ஓடி அடுத்த ஓடையில் விழும். அந்த ஓடைக்கு இரட்டிப்பு வெள்ளம். இந்த ஓடையை நம்பியிருந்த ஏரிக்கு வரத்தே இல்லை.

இந்தக் கடைசி விஷயத்தை எந்த அறிக்கையும் எழுதி நாம் பார்க்கவில்லை. நம் பக்கத்து ஏரிகள் சங்கிலியாய் அமைந்தவை. மேல் ஏரி நிரம்பிக் கலங்கல் வழிந்தால் கீழ் ஏரிக்கு வரும். மலையடிவாரத்தில் ஒரு வரத்துக்கால் திசை மாறினால் கீழே இரண்டு, மூன்று ஊர் ஆயக்கட்டு காயும். ஆகவே சாலை ஓடையைக் கடக்கும் ஒவ்வொரு கடவுக்கும், அதன் தண்ணீர் எந்த ஏரிக்குப் போகிறது என்ற பெயரோடு ஓர் அட்டவணை கேட்பது நியாயம். ஏரித் தண்ணீரைப் பங்கிட்டு விடும் ஊர் நீர்க்கட்டியைக் கேட்டால் அரை நாளில் சொல்லிவிடுவார்.

மழை அளவையும் எந்த வருடங்களை வைத்து எடுத்தார்கள் என்று பார்க்க வேண்டும். 2021 நவம்பரில் பாலாறும் கவுண்டன்ய மகாநதியும் எப்படிப் பெருகின என்பதை வாணியம்பாடி முதல் குடியாத்தம் வரை யாரும் மறந்திருக்க மாட்டார்கள். அந்த மாதத்துக் கணக்கு இல்லாமல் போட்ட குழாய் அளவு செல்லாது. ஓடும் பாதை அகலமாக இருந்தால் குழாயே வேண்டாம். கல் பாவிய தரைப்பாலம் போட்டால் வெள்ளம் மேலே போய்விடும், அன்று லாரி ஓடாது, அவ்வளவுதான். ஏற்றத்தில் சாலையோர வடிகால் தண்ணீரை 100 மீட்டருக்கு ஒருமுறையாவது வெளியே விட வேண்டும். கிலோமீட்டர் கணக்கில் ஒரே வடிகாலில் ஓடவிட்டால் அதுவே ஓடையாக மாறிவிடும்.

மண்ணரிப்பை ஒரு எளிய கணக்கால் புரிந்துகொள்ளலாம். மூடாமல் கிடக்கும் 4 ஹெக்டேர் மண்ணில் ஒரே ஒரு சென்டிமீட்டர் அரித்தால் 400 கன மீட்டர், 40 டிப்பர் லோடு. ஆந்திர மலைகளில் பிறக்கும் கவுண்டன்ய மகாநதியின் நீர் மோர்தானா அணைக்கு வருகிறது. பாலாறோ கர்நாடகத்தில் 93 கி.மீ., ஆந்திரத்தில் 33 கி.மீ., தமிழ்நாட்டில் 222 கி.மீ. ஓடும் ஆறு. வெட்டுவது ஒரு மாநிலம், வண்டல் சேர்வது இன்னொரு மாநிலம். அறிக்கை வரைபடத்தில் மாநில எல்லையோடு ஓடைகளும் நின்றுவிடுவதை நாம் பலமுறை பார்த்திருக்கிறோம். எல்லைக்கு இப்பால் வெள்ளைத்தாள்!

தூசிக்கு வருவோம். ஆண்டுக்கு 2 லட்சம் டன்னை 300 வேலைநாளால் வகுத்தால் நாளைக்கு 667 டன். 28 டன் மொத்த எடை அனுமதிக்கப்பட்ட பத்து சக்கர டிப்பர் 18 டன் ஏற்றும் என்று கொண்டால் 37 லோடு. போக, வர 74 நடை. பகல் 12 மணி நேரத்தில் பத்து நிமிடத்துக்கு ஒன்று. தார் போடாத சாலையில் கிளம்பும் தூசியைக் கணக்கிட அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமையின் சூத்திரம் ஒன்று உலகெங்கும் பயன்படுகிறது. சாலை மேல்மண்ணில் நுண்மண் 8 சதவீதம், வண்டியின் சராசரி எடை 19 டன் என்று இட்டால், ஒரு வண்டி ஒரு கிலோமீட்டர் ஓடும்போது சுமார் 0.7 கிலோ நுண்தூசி. 74 நடை, 4 கி.மீ. என்றால் நாளைக்கு 200 கிலோ. குழியில் துளை போடுவதும் வெடிப்பதும் எழுப்பும் தூசியைவிட இது கூடுதலாக இருப்பது அபூர்வமல்ல. ஆனால் காற்று அளக்கும் கருவிகளைப் பார்த்தால் குத்தகை நிலத்தின் நடுவிலும், தூரத்து ஊர்களின் பள்ளி, பஞ்சாயத்து அலுவலக மாடிகளிலும் வைத்திருப்பார்கள். 24 மணி நேரச் சராசரியாக ஒரு கன மீட்டருக்கு 100 மைக்ரோகிராம் என்ற 2009-ம் ஆண்டு வரம்பு அங்கெல்லாம் அழகாகக் கீழே நிற்கும். சாலையோரத்து முதல் வீட்டில் வைத்துப் பார்க்கட்டும்.

தண்ணீர் தெளித்துத் தூசியைக் கட்டுப்படுத்துவோம் என்று எல்லா அறிக்கையும் எழுதும். எவ்வளவு தண்ணீர்? 4 கி.மீ. நீளம், 6 மீட்டர் அகலம், சதுர மீட்டருக்கு ஒரு லிட்டர், கோடையில் நாளைக்கு நான்கு முறை. 96,000 லிட்டர். 12,000 லிட்டர் டேங்கர் எட்டு. வருடத்தில் 200 வறண்ட நாட்களுக்கு ஏறக்குறைய 1.92 கோடி லிட்டர். ஆயிரம் அடிக்கு மேல் போர் போட்டும் புகை வரும் ஊரில் இந்த எட்டு டேங்கர் எங்கிருந்து வரும்? திட்டத்தின் தண்ணீர்த் தேவை என்று காட்டும் அட்டவணையில் "தூசி அடக்க" என்ற வரிக்கு நேரே இருக்கும் எண்ணைப் பாருங்கள். பெரும்பாலும் 5,000 லிட்டரோ 10,000 லிட்டரோ இருக்கும். அது குழிக்கு மட்டும். ஊரை ஒட்டிய பகுதியையாவது தார் போட்டு, வேகத்தை 20 கி.மீ.க்குள் வைத்து, லோடைத் தார்ப்பாயால் மூடினால் தண்ணீர்த் தேவை பெருமளவு குறையும்.

குப்பம், வெங்கடகிரிகோட்டா, பலமநேர் பக்கம் பட்டுப்புழு வளர்ப்பவர்களுக்குத் தூசி என்றால் என்ன என்று தெரியும். தூசி படிந்த மல்பெரி இலையைப் புழு சரியாகத் தின்னாது; தின்றாலும் வளர்ச்சி குன்றும், நோய் தொற்றும், கூடு மெலியும். இலையைக் கழுவிப் போடலாமே என்பார்கள். ஈர இலை புழுவுக்கு ஆகாது, கழுவி உலர்த்தி எத்தனை கட்டுப் போடுவது? மாவுக்கும் இதே கதி. பூ எடுக்கும் தை, மாசியில்தான் சாலை நன்றாகக் காய்ந்து அதிகத் தூசி கிளப்பும். ஆகவே சாலையின் இருபுறமும் 500 மீட்டருக்குள் எத்தனை ஏக்கர் மல்பெரி, எத்தனை மாந்தோப்பு, எத்தனை புழு வளர்ப்பு மனை என்று எண்ணியாக வேண்டும். "விவசாய நிலம்" என்ற ஒரே வார்த்தையில் அடக்கிவிடக் கூடாது.

யானை விஷயம். 1980-களில் ஓசூர், தருமபுரிக் காடுகளிலிருந்து யானைகள் இந்த மலைகளுக்கு வரத் தொடங்கின. 1990-ல் கவுண்டின்யா சரணாலயம் அறிவிக்கப்பட்டது. அன்றிலிருந்து கேழ்வரகு, கரும்பு, வாழை வைத்தவர்களுக்கும் யானைக்கும் ஓயாத இழுபறி. இதில் சாலை என்ன செய்யும் என்பதை நிபுணர்கூட வேண்டாம், வனத்துறையின் தடுப்பு அகழியை வைத்தே சொல்லலாம். யானை தாண்டாமல் இருக்க வெட்டும் அகழியின் ஆழம் 2 முதல் 3 மீட்டர். சாலையின் வெட்டுமுகம் 5 மீட்டர். ஆக, யாரும் திட்டமிடாமலே ஒரு கிலோமீட்டர் நீள யானைத் தடுப்பைக் கட்டிவிடுகிறோம். வழக்கமான தடம் அடைபட்டால் யானை திரும்பிப் போகாது; வெட்டுமுகம் முடியும் இடம் வரை நடந்து, அங்கே இறங்கும். அந்த இடம் பெரும்பாலும் சாலை சமதளத்துக்கு வரும் இடம், அதாவது ஊர் வயல். எனவே யானைத் தடம் குறுக்கிடும் ஒவ்வோர் இடத்திலும் இரண்டு பக்கமும் சரிவைத் தணித்து, 50 மீட்டர் அகலத்துக்காவது ஏறி இறங்க வழிவிட வேண்டும்; அங்கே தடுப்புச் சுவரோ இரும்புத் தடுப்போ வைக்கக் கூடாது. தடம் எங்கே என்பதை இரண்டு நாள் நடையில் கண்டுபிடிக்க முடியாது. வறண்ட காலத்தில் ஒரு வழி, கேழ்வரகு முற்றும்போது ஒரு வழி. வனக் காவலர்களின் பதிவேடும், பயிர்ச்சேத இழப்பீட்டு விண்ணப்பங்களும் தேதி, சர்வே எண்ணோடு அலுவலகத்தில் இருக்கின்றன. அவற்றை வரைபடத்தில் புள்ளியாக வைத்தாலே போதும்.

மாலை 6 முதல் காலை 6 வரை லாரி ஓடாது என்பது தாளில் எளிது. மலைக்குக் கீழே ஒரு கதவு, வண்டி எண்ணும் நேரமும் எழுதும் பதிவேடு, அதைப் பார்க்க வனத்துறைக்கு உரிமை, இவை இல்லாவிட்டால் அது நிபந்தனையே அல்ல. சிறு பிராணிகளையும் விடக் கூடாது. செங்குத்துச் சுவர் வைத்த சிமெண்ட் வடிகாலில் நட்சத்திர ஆமை விழுந்தால் ஏற முடியாது. ஒரு பக்கத்தைச் சாய்த்துக் கட்டினால் தீர்ந்தது. செலவும் அதிகமாகாது.

சாலைக்கு மண் எங்கிருந்து என்பதையும் பார்க்க வேண்டும். சுரங்கக் கழிவுக் கல்லையே கொட்டிச் சாலை போடுவது சிக்கனம். சாதாரணக் கருங்கல்லில் பிரச்சினை இல்லை. கோலார் தங்கவயலின் பாறைப் பட்டை தெற்கே சித்தூர் மாவட்டத்துக்குள்ளும் நீள்கிறது. அத்தகைய தங்கப் படிவுப் பாறையில் பைரைட், ஆர்செனோபைரைட் போன்ற கந்தகக் கனிமங்கள் இருக்கலாம். உடைத்துக் காற்றும் மழையும் படவிட்டால் அமிலநீர் கசியும். அதோடு ஆர்செனிக்கும் கரையலாம். குழிக்குள் இருந்தால் ஒரு மூலையில் கட்டுப்படுத்தலாம். 4 கி.மீ. நீளத்துக்குப் பரப்பி, பத்து ஓடைகளைக் கடந்து போட்டபின் எதைக் கட்டுப்படுத்துவது? அமிலம் உண்டாகுமா என்ற ஆய்வகச் சோதனை முடிவு இல்லாமல் கழிவுக் கல் ஒரு லோடுகூடக் குத்தகை எல்லையைத் தாண்டக் கூடாது.

மலைச்சாலை முடிந்து ஊர்ச்சாலை தொடங்கும் இடத்தில் அறிக்கை நின்றுவிடுகிறது, லாரி நிற்பதில்லை. சாலைத் தேய்மானம் அச்சு எடையின் நான்காம் மடியில் ஏறும் என்பது பொறியாளர்களின் பழைய கணக்கு. 8.16 டன் அச்சு ஒரு முறை போனால் ஒரு பங்கு சேதம் என்றால், சட்டப்படியான 11.5 டன் அச்சு நாலு பங்கு. கூடுதல் பாரம் ஏற்றி 15 டன் ஆனால் 11 பங்கு. பேருந்தும் டிராக்டரும் ஓடப் போட்ட கிராமச் சாலை ஒரு மழைக்காலத்தில் குழியாவது இதனால்தான். சுரங்கங்களுக்கு மத்திய சுற்றுச்சூழல் அமைச்சகம் தரும் மாதிரி ஆய்வு வரையறையிலேயே, திட்டப் பகுதிக்கு வெளியே உள்ள சாலைகள் கூடுதல் லாரிகளைத் தாங்குமா என்று கணக்கிட்டுக் காட்ட வேண்டும் என்று இருக்கிறது. கேட்டால் தர வேண்டிய கடமை உண்டு, கேட்க வேண்டும்.

அதே மாதிரி வரையறையில் இன்னொன்று நமக்குப் பொருந்தாமல் இருக்கிறது. மழையில்லாத ஒரு பருவத்துத் தரவு போதும் என்கிறது. அப்படிப்பட்ட பருவங்களில் ஒன்றாக "அக்டோபர்–டிசம்பர், மழைக்குப் பிந்தைய காலம்" என்றும் குறிக்கிறது. வட இந்தியாவுக்கு அது சரி. ஐப்பசி, கார்த்திகையில்தான் நமக்கு அடைமழை! பெயரளவில் மழைக்குப் பிந்தைய காலம் என்று எழுதிவிட்டு, மழை பெய்யாத நாளாகப் பார்த்து மாதிரி எடுத்துப் போனால், ஓடை நீர் எவ்வளவு கலங்குகிறது, எங்கே மண் சரியும் என்ற இரண்டும் பதிவாகாது. சாலைக்கு மட்டுமாவது அக்டோபர், நவம்பரில் பெருமழை பெய்த மறுநாள் ஒவ்வொரு ஓடையிலும் தண்ணீர் எடுத்துக் கலங்கலை அளக்க வேண்டும். சாலை போட்ட பின் அதே இடத்தில் மீண்டும் அளந்தால்தான் ஒப்பிட ஏதாவது இருக்கும்.

கருத்துக் கேட்புக் கூட்டம் பற்றி. திட்டம் இரண்டு மாநிலங்களில் அமைந்தால் இரண்டிலும் கூட்டம் நடத்த வேண்டும் என்கிறது அந்த 2006 அறிவிக்கை. குழி ஆந்திரத்தில், சாலையின் கடைசி ஒன்றரை கிலோமீட்டர் தமிழ்நாட்டில் என்றால், சாலையும் திட்டத்தின் பகுதி என்று ஏற்ற மறுகணமே இங்கும் கூட்டம் நடத்தியாக வேண்டும். சாலையைத் தனியே பிரித்து வைப்பதன் இன்னொரு லாபம் இப்போது விளங்கும். ஓடை மட்டுமே இங்கே வருகிறது, சாலை வரவில்லை என்றால் விதிப்படி நமக்குக் கூட்டம் இல்லை. அப்போதும் எழுத்து மூலம் கருத்து அனுப்பத் தடையில்லை. கூட்டத்துக்குக் குறைந்தது 30 நாள் முன்பு அறிவிப்பு வர வேண்டும், மாவட்ட ஆட்சியர் அலுவலகத்திலும் மாவட்டத் தொழில் மையத்திலும் வரைவு அறிக்கை இருக்க வேண்டும். அறிக்கைச் சுருக்கம் ஆங்கிலத்திலும் உள்ளூர் மொழியிலும் தரப்பட வேண்டும். சித்தூர் மாவட்ட எல்லை ஊர்களில் வீட்டில் தமிழ், பள்ளியில் தெலுங்கு. முதியவர்கள் பலருக்குத் தமிழ் எழுத்து மட்டுமே தெரியும். அங்கே தமிழிலும் ஒரு சுருக்கம் கேட்பது அதிகப்படியான கோரிக்கை அல்ல. கூட்ட முடிவில் நடவடிக்கைக் குறிப்பை உள்ளூர் மொழியில் வாசித்துக் காட்டிய பிறகே கையெழுத்தாக வேண்டும். அதுவரை எழுந்து போய்விடாதீர்கள்.

கூட்டத்துக்குப் போகுமுன் செய்யக்கூடிய உருப்படியான வேலை ஒன்று. சாலைக் கோட்டை வரைபடத்தில் காட்டும் கே.எம்.எல். என்ற கணினிக் கோப்பு வன அனுமதி விண்ணப்பத்தோடு மத்திய அரசின் பரிவேஷ் இணையதளத்தில் ஏற்றப்படுகிறது. அதைக் கைப்பேசியில் இறக்கி, ஊர்க்காரர் இருவரோடு கோட்டின் மேலேயே நடக்கலாம். காப்புக்காடு என்றால் வனத்துறையிடம் சொல்லிவிட்டு. நூறு மீட்டருக்கு ஒரு படம். ஓடை, மரம், சாணம், ஊற்று, நடுகல், கோயில் எதுவானாலும் குறிப்பு. 4 கி.மீ.க்கு நாற்பது படம், ஒரு நாள் வேலை. "இங்கே ஓடை இல்லை" என்று அறிக்கை சொல்லும் இடத்தில் ஓடும் தண்ணீரின் படம் இருந்தால், கூட்டத்தில் ஒரு மணி நேரம் பேசுவதைவிட அது வலுவானது. அனுமதி வந்த பிறகும் தேசியப் பசுமைத் தீர்ப்பாயத்தில் மேல்முறையீடு செய்ய 30 நாள் உண்டு. தகுந்த காரணம் காட்டினால் மேலும் 60 நாள். அதற்கும் இந்தப் படங்களே சான்று.

நிபந்தனைகளில் வரிசை முக்கியம். மண் கொட்டும் இடமும் ஓடைக் கடவுகளும் முதலில். தளம் வெட்டுவது பிறகு. வெட்டிய ஒவ்வொரு 500 மீட்டரையும் புல்லிட்டு மூடிய பிறகே அடுத்த 500. அக்டோபர் முதல் டிசம்பர் வரை மண்வேலை கூடாது. ஆண்டுக்கு இருமுறை, ஜூன் 1, டிசம்பர் 1 தேதிகளில் நிறுவனம் தர வேண்டிய நிபந்தனை நிறைவேற்ற அறிக்கையில் சாலைக்குத் தனிப் பகுதி இருக்க வேண்டும்: எத்தனை வண்டல் குழி தூர்வாரப்பட்டது, எந்தக் கடவு அடைத்தது, எத்தனை நடை ஓடியது என்று.

மாற்று வழியை ஆராய்ந்தார்களா என்பதையும் கேட்க வேண்டும். அறிக்கையில் "மாற்றுகள்" என்று ஓர் அத்தியாயம் கட்டாயம் இருக்கும். அதில் இடம் மாற்ற முடியாது, கனிமம் இருக்கும் இடத்தில்தான் தோண்ட முடியும் என்று இரண்டு வரி எழுதி முடித்துவிடுகிறார்கள். குழியை மாற்ற முடியாதுதான். சாலையை மாற்றலாமே. பழைய மாட்டுவண்டிப் பாதையை அகலப்படுத்துவது, மலையைச் சுற்றி 7 கி.மீ. போவது, குறைந்த சரிவில் ஏறுவது என்று மூன்று கோடுகளையாவது வரைந்து, ஒவ்வொன்றுக்கும் வெட்டும் மண், கடக்கும் ஓடை, போகும் மரம், ஆகும் செலவு நான்கையும் அருகருகே போட்டுக் காட்டட்டும்.

கடைசியாக, சுரங்கம் மூடிய பிறகு சாலை யாருடையது? மூடல் திட்டத்துக்கான நிதி உத்தரவாதம் குத்தகை நிலத்தில் பயன்படுத்திய பரப்பை வைத்தே கணக்காகிறது. குத்தகைக்கு வெளியே உள்ள 4 கி.மீ. அதில் வராது. ஆள் போன பிறகும் சாலை கிடக்கும். விறகு லாரி, மணல் வண்டி, வேட்டைக்காரர், கோடையில் பீடித் துண்டு எல்லாவற்றுக்கும் திறந்த வழி. சக்கரத்தோடு வந்த பார்த்தீனியமும் உண்ணிச்செடியும் இரு ஓரமும் ஏற்கெனவே பிடித்திருக்கும். பராமரிப்பு இல்லாத கடவுகள் ஒவ்வொன்றாக அடைத்து உடையும். எனவே அனுமதி ஆணையிலேயே எழுத வேண்டியவை: குழாய்களை எடுத்து ஓடையைத் திறந்துவிடுவது, தளத்தைக் கிளறிக் குறுக்கே மண்கரை போடுவது, உள்ளூர் மர விதை தூவுவது, நுழைவில் பாறை போட்டு அடைப்பது, இதற்கான தொகையைச் சாலை வேலை தொடங்குமுன் வனத்துறையிடம் வைப்பாகக் கட்டுவது.

இப்படிக்கு,
சாலை, நீர்வளம், வனப் பணிகளில் அனுபவமுள்ள வாசகர்கள் சிலர்,
குப்பம் – பேரணாம்பட்டு எல்லைப் பகுதி